கோழி வலை முதல் மொட்டை மாடிக் குடை வரை: வீட்டு டிஷ் ஆன்டெனாவின் வரலாறு

வீட்டு டிஷ் ஆன்டெனா என்பது செயற்கைக்கோளிலிருந்து வரும் வானலைகளைப் பிடிப்பதற்காகக் கம்பி வலை, இரும்புப் பட்டை, அலுமினியக் குழாய் போன்ற எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வீட்டிலோ உள்ளூர்ப் பட்டறையிலோ செய்யப்பட்ட கிண்ண வடிவ அலைவாங்கி. பேச்சு வழக்கில் இதை டிஷ் என்றும் குடை என்றும் சொல்வர். 1970களின் நடுவில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இது, 1990களில் தமிழ்நாட்டில் கேபிள் தொலைக்காட்சி பரவக் காரணமானது. 2000களில் ஆலையில் அச்சிட்டு வார்த்த சிறிய டிஷ் வந்தபின் மறையத் தொடங்கியது.

இந்த மாற்றத்தை இரண்டு காரணங்கள் தீர்மானித்தன. ஒன்று, அலையின் நீளம். அலைநீளம் குறையக் குறைய டிஷ் கைவேலையிலிருந்து ஆலை வேலையாக மாறியது. மற்றொன்று, சட்டம். வானிலிருந்து வீட்டுக் கூரையில் விழும் அலையை யார் பிடிக்கலாம், எந்த அலையைப் பிடிக்கலாம் என்பது ஒவ்வொரு காலத்திலும் வழக்கும் விவாதமுமாக இருந்தது.

டிஷ் வேலை செய்யும் விதம்

செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்குப் பயன்படும் கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. பூமி தன்னைத்தானே சுற்றும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகின்றன. இந்த ஏற்பாட்டின் மூலம் உலகம் முழுவதும் ஒலிபரப்ப முடியும் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதினார்.

அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலை மிகவும் பலவீனமானது. அதைப் பரந்த பரப்பில் வாங்கி ஒரு புள்ளியில் குவிப்பதே டிஷ்ஷின் வேலை. அதன் வளைவு பரவளைவு எனப்படும். நேராக வரும் அலைகள் பரவளைவில் எங்கே பட்டாலும் ஒரே குவியத்துக்குத் திரும்பும். அந்த இடத்தில் ஃபீட் ஹார்னும், அலையைப் பெருக்கிக் குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றும் எல்.என்.பி. என்ற கருவியும் பொருத்தப்படும். அங்கிருந்து கேபிள் வழியாக சிக்னல் ரிசீவருக்குச் செல்லும்.

டிஷ் முழுத் தகடாக இருக்க வேண்டியதில்லை. வலையின் துளை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அலைக்கு அந்த வலை ஏறக்குறைய மூடிய சுவரைப் போன்றதே. காற்று துளை வழியே போய்விடும், அலை திரும்பிவிடும். ஆனால் வளைவு துல்லியமாக இருக்க வேண்டும். பரப்பில் உள்ள மேடுபள்ளம் சராசரியாக அலைநீளத்தில் 16ல் ஒரு பங்கை எட்டினால் கிடைக்க வேண்டிய சிக்னலில் ஏறக்குறைய பாதி வீணாகும்.

இந்த இரண்டு விதிகளையும் மூன்று அலைவரிசைகளுக்குப் பொருத்திப் பார்த்தால் வீட்டு டிஷ்ஷின் கதை சுருக்கமாகப் புரியும்.

860 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வளைவில் 2 சென்டிமீட்டர் பிசகலாம். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையே போதும்.

4,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது சி பேண்ட்: அலைநீளம் 7.5 சென்டிமீட்டர். 5 மில்லிமீட்டருக்குள் வளைவு அமைய வேண்டும். நெருக்கமான அலுமினிய வலையும் நல்ல வெல்டிங் பட்டறையும் தேவை.

12,000 மெகாஹெர்ட்ஸ், அதாவது கே-யூ பேண்ட்: அலைநீளம் 2.5 சென்டிமீட்டர். பிசகு 1.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இதற்கு அச்சில் அழுத்திய தகடே ஏற்றது.

ஊட்டியில் கம்பிகளால் ஒரு முன்னோடி

தகடுக்குப் பதில் கம்பி என்ற உத்திக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய முன்னோடி இருந்தது. நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்துக்கு அருகிலுள்ள முத்தொரையில் 1970ல் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இது கட்டப்பட்டது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இதன் எதிரொளிப் பரப்பு தகடால் ஆனதல்ல. 24 பரவளைவுச் சட்டங்களின் மேல் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய சுமார் 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் ஆனது.

இந்தத் தொலைநோக்கி ஏறக்குறைய 327 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலைநீளம் 92 சென்டிமீட்டர். அதனால்தான் இடைவெளி விட்டுக் கட்டிய கம்பிகள் போதுமானவையாயின. மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறக்குறைய 11 பாகை சாய்ந்திருந்ததால், ஒரே அச்சில் திருப்பி வானப் பொருள்களைப் பின்தொடர முடிந்தது. இருக்கும் நிலத்தையும் கிடைக்கும் பொருளையும் கொண்டு செலவைக் குறைப்பது என்ற இந்த அணுகுமுறை ஐந்தாண்டுகளுக்குப் பின் கிராமத் தொலைக்காட்சியிலும் தொடர்ந்தது.

சைட் திட்டமும் கோழி வலை டிஷ்ஷும்

இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் 1969 செப்டம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் ஓராண்டுக்கு இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தரப்பட்டது. செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்ற அந்தத் திட்டம் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் சைட் என்று அறியப்பட்டது. விக்ரம் சாராபாய் முன்வைத்த இந்தத் திட்டம் அவர் மறைவுக்குப் பின் 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது.

ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாடு இதில் இல்லை. நாளொன்றுக்கு 4 மணி நேரம் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் அவை அமைந்தன. ஒரே படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்ப முடிந்ததால், ஒரே நிகழ்ச்சியைக் கன்னடக் கிராமம் கன்னடத்திலும் தெலுங்குக் கிராமம் தெலுங்கிலும் கேட்க முடிந்தது.

ஏ.டி.எஸ்.-6 விண்வெளியில் விரியும் 9 மீட்டர் டிஷ்ஷைச் சுமந்து சென்றது. அனுப்பும் இடத்தில் இவ்வளவு பெரிய டிஷ் இருந்ததால், வாங்கும் இடத்தில் எளிய கருவி போதுமானதாயிற்று. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் பொறியாளர்கள் கிராமத்துக்கென 3 மீட்டர் விட்டமுள்ள டிஷ்ஷை வடிவமைத்தனர். உலோக ஆரங்களை வண்டிச் சக்கரம் போல நடுவிலிருந்து பரப்பி, மேலே கோழி வலையை இழுத்துக் கட்டினர். பகுதி பகுதியாகக் கழற்றி ஜீப்பில் கொண்டுசென்று ஊரில் கோத்துவிடலாம். தொலைக்காட்சிப் பெட்டிகளை ஐதராபாத்தின் இந்திய மின்னணுவியல் கழகம் தயாரித்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் பேட்டரியில் பெட்டி ஓடியது.

மூன்று மீட்டர் கோழி வலை டிஷ் 860 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8 பாகை அகலமுள்ள பார்வையைக் கொண்டது. காற்றில் சற்று அசைந்தாலும், பள்ளி ஆசிரியர் கைவைத்துத் திருப்பும்போது கொஞ்சம் விலகினாலும் படம் போய்விடாது. நீண்ட அலையின் தாராளம் இது. பின்னால் வந்த தலைமுறை டிஷ்களுக்கு இந்தத் தாராளம் கிடைக்கவில்லை.

கொழும்பிலும் ஷெஃபீல்டிலும்

கிராமங்களுக்காக அனுப்பிய அலை கிராம எல்லையோடு நிற்கவில்லை. செயற்கைக்கோள் ஒளிபரப்பின் கருத்தை முப்பதாண்டுகளுக்கு முன் எழுதிய கிளார்க் அப்போது கொழும்பில் வாழ்ந்துவந்தார். இலங்கையில் அன்று தொலைக்காட்சியே இல்லை. 1979ல்தான் அங்கே முதல் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சைட் ஒளிபரப்பைப் பெறுவதற்கான டிஷ்ஷையும் கருவிகளையும் இஸ்ரோவின் பொறியாளர்கள் 1975ல் கிளார்க்கின் வீட்டில் அமைத்துக் கொடுத்தனர். தொலைக்காட்சி நிலையம் இல்லாத ஒரு நாட்டில், ஒரு வீட்டின் மேல் செயற்கைக்கோள் டிஷ் நின்றது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஸ்டீபன் பிர்க்கில் என்ற பிபிசி பொறியாளர் யாருடைய உதவியும் அழைப்பும் இல்லாமல் அதே அலையைப் பிடித்தார். செயற்கைக்கோள் இந்தியாவை நோக்கிக் குறிவைக்கப்பட்டிருந்தது. ஷெஃபீல்டு அந்தக் குறியின் விளிம்புக்கு வெளியே இருந்தது. இருந்தும் தன் வீட்டுத் தோட்டத்தில் தானே செய்த வலை டிஷ்ஷையும் தானே கட்டிய மின்சுற்றையும் கொண்டு இந்தியக் கிராமங்களுக்கான நிகழ்ச்சிகளை அவர் திரையில் பார்த்தார். ஐரோப்பாவில் தனிமனிதர் ஒருவர் வீட்டிலிருந்து செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பெற்ற தொடக்ககால நிகழ்வுகளில் இது முக்கியமானது.

1976ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு வீட்டில் கட்டிய டிஷ்ஷால் கேபிள் நிறுவனங்களுக்கான சி பேண்ட் ஒளிபரப்பைப் பிடித்தார். பார்த்த படங்களுக்குக் கட்டணமாக 100 டாலர் காசோலையை எச்.பி.ஓ. நிறுவனத்துக்கு அவர் அனுப்பினார். தாங்கள் பெரிய கேபிள் நிறுவனங்களோடு மட்டுமே வணிகம் செய்வதாகக் கூறி நிறுவனம் அதைத் திருப்பி அனுப்பியது. வானிலிருந்து வரும் அலைக்கு வீட்டுக்காரர் வாடிக்கையாளரா, திருடரா, வெறும் பார்வையாளரா என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது. 1979ல் அமெரிக்க அரசு பெறுவதற்கு மட்டுமான டிஷ்களுக்கு உரிமம் கட்டாயமில்லை என்றது. 1986ல் எச்.பி.ஓ. தன் ஒளிபரப்பைப் பூட்டியது.

தமிழ்நாட்டில் டிஷ்ஷுக்கு முன்

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தாண்டினால் படம் மங்கும். அதனால் ஊர்ப்புறங்களில் கூரைக்கு மேல் நீண்ட குழாய்க் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் அலுமினியக் குழாய்களை மீன்முள் போலக் கோத்த ஆன்டெனாவை ஏற்றினர். கீழே பூஸ்டர் வைத்தனர். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே திரையைப் பார்த்து நிறுத்தச் சொல்வது வீட்டு வழக்கமாயிற்று.

1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியபோது, தமிழ்நாட்டின் தென் கடலோரத்தில் பலர் கம்பத்தை உயர்த்தி அதைப் பார்த்தனர். ஒரு நாட்டின் ஒளிபரப்பை மற்றொரு நாட்டில் பார்க்கும் பழக்கம் செயற்கைக்கோளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது.

1983ல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியபின் தூர்தர்ஷன் நாடு முழுவதும் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்களை விரைவாகத் திறந்தது. செயற்கைக்கோளிலிருந்து சிக்னலைப் பெரிய டிஷ்ஷில் வாங்கி, சுற்றியுள்ள வீடுகளுக்குச் சாதாரண ஆன்டெனாவில் கிடைக்கும்படி அவை மறு ஒளிபரப்பு செய்தன. தொலைதூரக் கிராமங்களில் நேரடியாக வாங்கும் வலை டிஷ்களும் அமைக்கப்பட்டன. எனினும் டிஷ் அப்போதும் அரசின் கருவியாகவே இருந்தது.

1991க்குப் பின்: பட்டறை டிஷ்

1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கியபோது இந்தியப் பெருநகரங்களின் பெரிய விடுதிகள் டிஷ் வைத்து சி.என்.என். செய்திகளைக் காட்டின. அதே ஆண்டு ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி ஏசியாசாட்-1 வழியாக ஒளிபரப்பத் தொடங்கியது. இந்தச் செயற்கைக்கோளுக்கே ஒரு பழுதுபார்த்த கதை உண்டு. 1984ல் வெஸ்டார்-6 என்ற பெயரில் ஏவப்பட்டுச் சரியான பாதையை அடையத் தவறிய அதை, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க விண்ணோடம் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. செப்பனிட்டபின் 1990ல் சீன ராக்கெட்டில் அது மீண்டும் ஏறியது.

ஸ்டார் ஒளிபரப்பு அப்போது பூட்டப்படவில்லை. சி பேண்டில் வந்த அதைச் சரியான டிஷ் உள்ள எவரும் பார்க்கலாம். ஆனால் ஒரு குடும்பம் மட்டும் தாங்கக்கூடிய செலவாக அது இல்லை. ஆகவே ஒருவர் டிஷ் வைத்துத் தெரு முழுவதும் கேபிள் இழுத்து மாதக் கட்டணம் வாங்கும் முறை பரவியது. 1980களிலேயே வி.சி.ஆர். வைத்துக் கேபிளில் படம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது மாடியில் டிஷ் ஏற்றினர். கேபிள்காரர் என்ற புதிய தொழிலாளி தெருவுக்கு வந்தார். வீட்டு டிஷ் தெருவின் டிஷ் ஆயிற்று.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் தமிழ்நாட்டில் டிஷ்ஷின் தேவை மாறியது. அதுவரை ஆங்கிலச் செய்தியும் வெளிநாட்டு விளையாட்டும் பார்க்க விரும்பியவர்களுக்கான கருவி, தமிழ்ப் படமும் தொடரும் பார்க்கும் எல்லா வீட்டுக்குமான கருவியாயிற்று. அடுத்த ஆண்டில் ராஜ் தொலைக்காட்சியும் வந்தது.

8 அடியிலிருந்து 12 அடி வரையிலான சி பேண்ட் டிஷ்ஷை உள்ளூர்ப் பட்டறையில் செய்வது கடினமல்ல. அதன் கணக்கு பள்ளிப் பாடத்தில் உள்ளதே. விட்டத்தின் வர்க்கத்தைக் குவியத் தூரத்தின் 16 மடங்கால் வகுத்தால் நடுப்பள்ளத்தின் ஆழம் கிடைக்கும். 2.4 மீட்டர் விட்டமும் 90 சென்டிமீட்டர் குவியத் தூரமும் வேண்டுமென்றால் ஆழம் 40 சென்டிமீட்டர். இந்த வளைவை ஒரு பலகையில் வரைந்து அறுத்து அச்சாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆரத்தையும் அந்த அச்சில் வைத்து ஒரே மாதிரி வளைத்தபின், நடுவட்டிலும் வெளி வளையத்திலும் பற்றவைப்பர். அலுமினிய வலையை இதழ் இதழாக வெட்டி ஆரங்களுக்கிடையே இறுக்குவர். விளிம்பின் எதிரெதிர் முனைகளில் குறுக்காக இரண்டு நூல்களைக் கட்டிப் பார்ப்பது எளிய சோதனை. இரண்டு நூல்களும் நடுவில் தொட்டுக்கொண்டால் வளையம் முறுக்கவில்லை என்று பொருள்.

செய்வதைவிடத் திருப்பிவைப்பதே நுட்பமான வேலை. 2.4 மீட்டர் டிஷ்ஷின் பார்வை சி பேண்டில் சுமார் 2 பாகை மட்டுமே. சைட் காலத்து டிஷ்ஷின் 8 பாகையோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏசியாசாட்-1 கிழக்குத் தென்கிழக்கில், தொடுவானத்திலிருந்து சுமார் 57 பாகை உயரத்தில் இருந்தது. திசைகாட்டியும் கோணமானியும் தூக்குநூலும் கொண்டு அருகில் வந்து, பிறகு விரல் நகமளவு நகர்த்தி நகர்த்திப் படத்தைப் பிடிக்க வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை சூரியனே இந்தக் குறியைச் சோதிக்கும். சென்னைப் பகுதியில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சில நிமிடங்களில் திரையில் இரைச்சல் நிறையும். கருவி பழுதாகவில்லை. சூரியனின் ரேடியோ இரைச்சல் சிக்னலை மூடுகிறது. அந்த நேரத்தில் ஃபீட் ஹார்னின் நிழல் டிஷ்ஷின் நடுவில் விழுந்தால், டிஷ் சரியாகக் குறிவைக்கப்பட்டுள்ளது என்று அறியலாம்.

அலை யாருடையது?

டிஷ்கள் பரவிய வேகத்தில் சட்டம் மாறவில்லை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதைத் தடுக்கும் 1933ஆம் ஆண்டுச் சட்டமும்தான் நடைமுறையில் இருந்தன. டிஷ் வைத்துக் கேபிள் நடத்துவதும் இந்தச் சட்டங்களுக்கு உட்பட்டதே, உரிமம் தேவை என்று ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 1993ல் கூறியது. 1994 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து 1995ல் நிறைவேறிய கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம், கேபிள்காரர் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்த வழிவகுத்தது. 1995 பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றைப் பொது நலனுக்காகப் பயன்படுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

அடுத்த சிக்கல் அலைநீளத்தைப் பற்றியது. 1990களின் பிற்பகுதியில் சிறிய டிஷ்ஷில் நேரடியாக வீட்டுக்கே ஒளிபரப்பும் திட்டங்கள் உருவாயின. 1997 ஜூலையில் மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் 4,800 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒளிபரப்பைப் பெறும் கருவிகளை வைத்திருப்பதையும் விற்பதையும் தடை செய்தது. சி பேண்ட் டிஷ் அந்த எல்லைக்குக் கீழே இருந்ததால் கேபிள்காரரின் பெரிய டிஷ் தப்பியது. வீட்டுக்குரிய சிறிய கே-யூ பேண்ட் டிஷ் தடைக்குள்ளானது. ஒரு தெருவுக்கு அனுமதிக்கப்பட்டது ஒரு வீட்டுக்கு அனுமதிக்கப்படாத நிலை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2000 நவம்பரில் தடை விலகியது. 2001 மார்ச்சில் டி.டி.எச். சேவைக்கான நெறிமுறைகள் வெளியாயின.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு அரசியல் முகமும் இருந்தது. கேபிளைக் கட்டுப்படுத்துபவர் வீட்டுக்குள் வரும் செய்தியையும் கட்டுப்படுத்த முடியும். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டு, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் மீண்டும் தொடங்கப்பட்டது. 2006 முதல் 2011 வரை அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கியதால், பெட்டி இல்லாத வீடு அரிதாயிற்று. பெட்டிக்குள் எதை, யார் வழியாகக் கொண்டுவருவது என்பதே மிஞ்சிய கேள்வி.

சிறிய குடையின் வருகை

2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. அதே ஆண்டு இந்தியாவின் முதல் டி.டி.எச். சேவையாக டிஷ் டிவி தொடங்கியது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் மாதக் கட்டணமில்லாத டி.டி. டைரக்ட் பிளஸ் சேவையைத் தொடங்கியது. இது இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் எனப்படுகிறது. சன் டைரக்ட் அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் வந்தது.

60 சென்டிமீட்டர் கே-யூ டிஷ் கிட்டத்தட்ட பழைய 2.4 மீட்டர் டிஷ்ஷின் வேலையைச் செய்யும். அலைநீளம் மூன்றில் ஒரு பங்கானதாலும், செயற்கைக்கோளின் சக்தி கூடியதாலும் இது முடிந்தது. ஆனால் பட்டறைக்கு இதில் இடமில்லை. 1.5 மில்லிமீட்டர் துல்லியத்தை ஆலையின் அச்சு ஒரே அழுத்தில் தருகிறது. அதைவிடக் குறைந்த விலையில் கையால் செய்ய முடியாது. சிக்னலும் பூட்டப்பட்டதால், டிஷ்ஷைச் செய்தாலும் பெட்டிக்குள் இருக்கும் அட்டையைச் செய்ய முடியாது. செய்யும் அறிவைவிடச் சந்தா முக்கியமாயிற்று.

மழை புதிய எதிரியாக வந்தது. 35 சென்டிமீட்டர் அலை மழையைப் பொருட்படுத்தாது. 2.5 சென்டிமீட்டர் அலையைக் கனமழை விழுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின்போது, புயல் செய்தி மிகவும் தேவைப்படும் வேளையில் திரையில் சிக்னல் இல்லை என்ற வரி வருவது இதனால்தான்.

2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டுப் பாதிக் கருவிகள் அணைக்கப்பட்டன. 93.5 பாகைக் கிழக்கில் இருந்த அந்தக் கோளிலிருந்து சன் டைரக்ட் 91.5 பாகைக் கிழக்கில் உள்ள மீசாட்-3க்கு மாறியது. இரண்டு பாகை வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வையே சுமார் 3 பாகைதான். ஆலையில் செய்த டிஷ்ஷும் கடைசியில் மாடியில் நின்று கையால் திருப்புபவரை நம்பியே இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில்

வீட்டு டிஷ்ஷின் காலமும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் காலமும் ஒன்றையொன்று ஒட்டிச் செல்கின்றன. பட்டறை டிஷ் பரவிய 1990களில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கட்டப்பட்டு 1998ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. சிறிய குடை வந்த 2000களில் மின்னணு ஆலைகள் வந்தன. நோக்கியா 2006ல் கைபேசி உற்பத்தியைத் தொடங்கி 2014ல் மூடியது. சாம்சங் 2007ல் ஸ்ரீபெரும்புதூரில் தொலைக்காட்சிப் பெட்டி உற்பத்தியைத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை இயங்கத் தொடங்கியது.

ஏரிப் பாசன ஊர்களாக இருந்த இடங்களில் தொழிலாளர்களுக்கான வாடகை வீடுகள் எழுந்தன. வெளி மாநிலங்களிலிருந்து வருபவருக்கு உள்ளூர்க் கேபிளில் தாய்மொழிச் சேனல் கிடைப்பது உறுதியில்லை. அடிக்கடி வீடு மாறுபவருக்குக் கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய, மாதக் கட்டணமில்லாத டிஷ் பொருத்தமானது. டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகைக் கிழக்கில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அது தென்கிழக்கில் 68 பாகை உயரத்தில், அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கிறது. ஆனால் வீட்டு டிஷ் அவ்வளவு மேல்நோக்கிப் பார்ப்பதாகத் தெரியாது. சிறிய டிஷ்களின் குவியம் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி அமைந்திருப்பதால், முகம் 45 பாகை அளவில் சாய்ந்திருந்தாலே போதும். புதிதாகப் பொருத்துபவர் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கையால் செய்யும் வேலை இங்கே முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது டிஷ்ஷிலிருந்து அதன் தாங்கிக்கு இடம் மாறியிருக்கிறது. மாடிச் சுவரில் துளையிட வீட்டுக்காரர் அனுமதிக்காதபோது, சிமென்ட் நிரப்பிய பெயின்ட் வாளியில் குழாயை நட்டு டிஷ்ஷை நிறுத்தலாம். ஒரே டிஷ்ஷில் இரண்டு எல்.என்.பி.களை அடுத்தடுத்துக் கட்டி, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு செயற்கைக்கோள்களைப் பிடிக்கலாம்.

இன்றைய நிலை

இப்போது இதே வழித்தடத்தில் தயாராகும் கைபேசிகளே டிஷ்ஷின் இடத்தைப் பிடித்துவருகின்றன. படம் வானிலிருந்து நேராக வராமல் கண்ணாடி இழைக் கேபிளிலும் கைபேசிக் கோபுரத்திலும் வருகிறது. பார்ப்பவருக்கு வசதி கூடியிருக்கிறது. அதேவேளை ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பூட்டப்படாத செயற்கைக்கோள் ஒளிபரப்பை யார் பார்க்கிறார் என்பது அனுப்புபவருக்குத் தெரியாது. இணையம் வழியே பார்ப்பவரின் ஒவ்வொரு தெரிவும் பதிவாகிறது.

கோழி வலை டிஷ் இன்று மாணவர்களின் கைக்குத் திரும்பியிருக்கிறது. பால்வீதியில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் 1,420 மெகாஹெர்ட்ஸில், 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலையை வெளியிடுகின்றன. இந்த அலைக்கு 2 சென்டிமீட்டர் துளையுள்ள வலையும், ஒரு சென்டிமீட்டர் வரை பிசகும் வளைவும் போதும். ஒரு மீட்டர் அளவுள்ள வலை டிஷ், ஒரு சிறிய பெருக்கி, யு.எஸ்.பி.யில் செருகும் ரேடியோ ரிசீவர், ஒரு கணினி ஆகியவற்றைக் கொண்டு அந்த அலையைப் பதிவு செய்து, பால்வீதி சுழல்வதை வீட்டு மாடியிலிருந்தே அளக்க முடிகிறது. 1975ல் கிராமத்துக்குக் கல்வி கொண்டுவந்த அதே வலை, அதே பரவளைவு, அதே ஆழக் கணக்கு. இந்த அலைக்குப் பூட்டு இல்லை, சந்தாவும் இல்லை.